கல்மூங்கில் முதல் கார்பன் வரை: தூண்டில் கம்பு முறிந்த வரலாறு

நம் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் தென்காசிக் கோபுரம், பராக்கிரம பாண்டியன், குற்றாலக் குறவஞ்சி என்று ஒரு வரிசை இருக்கிறது. அதையெல்லாம் எழுதத் தகுதியுள்ள பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. நான் மெக்கானிக்கல் ஆள். ஒரு பொருள் எதுவரை வளையும், எந்த இடத்தில் முறியும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில். ஆகவே முறிந்து முறிந்தே வளர்ந்த ஒரு பொருளின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். தூண்டில் கம்பு. சிரிக்காமல் மேலே படிக்க வேண்டுகிறேன்.

திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு குற்றாலத்தில் குதித்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. வழியில் அது நிரப்புகிற குளங்களின் கரையில் ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு பையன்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மில் பாதிப்பேர் அப்படி உட்கார்ந்தவர்கள்தாம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, முள், மண்புழு. மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. (அது நம்மூர் மீனே இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. இப்போது ரேஷன் கார்டு வாங்காத குறை.) விரால் மாட்டினால் அன்றைக்குத் தெருவே பேசும்.

அந்தக் கரைகளில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "எலே, முள்ளு வேர்ல மாட்டிக்கிட்டா கம்பை வச்சு இழுக்காத. நரம்பைக் கையில சுத்திப் பிடிச்சு இழு." உலகத்தில் தூண்டில் கம்புகள் முறிந்த கதையில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் எழுதப்போகிறேன்.

வெள்ளைக்காரர்கள் 'ஃப்ளை ஃபிஷிங்' என்று ஒரு வகைத் தூண்டில் வைத்திருக்கிறார்கள். இறகும் நூலும் கட்டிய முள், பார்க்க ஒரு பூச்சி மாதிரி இருக்கும். எடையே கிடையாது, ஊதினால் பறந்துவிடும். அதைத் தூரத்தில் எறிய வேண்டுமென்றால் நரம்புக்கு எடை கொடுத்து, சாட்டை மாதிரிச் சுழற்றி வீச வேண்டும். ஆகவே அந்தக் கம்பு ஏறத்தாழ 9 அடி நீளத்தில், அடியில் விரல் பருமன், நுனியில் ஊதுபத்திக் குச்சிப் பருமன் என்று மெலிந்துகொண்டே போகும். வில்லைப் போல வளைந்து நிமிர்வதுதான் அதன் வேலை. இவ்வளவு மெலிந்த ஒரு பொருளை மனிதன் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? முறியும். எல்லாக் காலத்திலும் முறிந்திருக்கிறது. ஆனால் எதனால் முறிந்தது என்று கேட்டால் முறித்தவர் சொல்வது ஒன்று, முறிந்த முனை சொல்வது வேறொன்று.

1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான ஆங்கிலத் தூண்டில் நூலிலேயே கம்பு செய்யும் முறை இருக்கிறது. மரக்கம்பை வாட்டி, காய்ச்சிய கம்பியால் உள்ளே துளைத்து, நுனித் துண்டை அதற்குள் செருகிக்கொள்ளும் ஏற்பாடு. அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் மரம்தான். 19ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த 'கிரீன்ஹார்ட்' மரம் பேர்பெற்றது. வலுவான மரம், கனமான மரம்; ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று முறியும் என்று கெட்ட பெயரும் வாங்கியது.

அந்தச் சமயத்தில்தான் நம் நாட்டுச் சரக்கு கதைக்குள் வருகிறது. கல்மூங்கில் உங்களுக்குத் தெரியும். வறண்ட சரிவில் வளர்ந்தால் உள்ளே பொந்து ஏறக்குறைய இல்லாமல் கெட்டியாக இருக்கும். போலீஸ் லத்திக்கு உகந்தது. நம்மில் சிலருக்கு மாணவர் போராட்டக் காலத்தில் நேரடி அறிமுகம் இருக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளிலும் இது உண்டு, வட இந்தியாவிலும் உண்டு. கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறியதால் வெளிநாட்டில் இதற்கு 'கல்கத்தா கேன்' என்றே பெயர்.

1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கிப் பட்டறைக்காரர் இந்த மூங்கிலை நீளவாக்கில் சிம்புகளாகக் கிழித்து, மறுபடி ஒட்டிக் கம்பு செய்தார். ஏன் கிழித்து ஒட்ட வேண்டும்? மூங்கிலை வெட்டிப் பாருங்கள். வலுவான நார் எல்லாம் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போகச் சோறு. முக்கோணச் சிம்புகளாகச் சீவி, தோல் வெளிப்புறம் இருக்கும்படி ஆறைச் சேர்த்து ஒட்டினால், வளையும்போது அழுத்தம் அதிகமாக விழும் வெளிப்பரப்பு முழுக்க வலுவான நாராகவே அமையும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் ஐ-பீம் படம் போட்டு நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே விஷயம். 1870களில் மெய்ன் மாநிலத்து ஹிராம் லெனார்டு ஆறு சிம்புக் கம்பை வணிகமாகவே ஆக்கினார். சிம்பு சீவ ஒரு எந்திரமும் அமைத்தார். அந்தத் தலைமுறையின் உயர்ந்த கம்புகள் நம் நாட்டு மூங்கில்.

இந்தச் சந்தையை நாம் இழந்தோம். 20ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் சீன மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. விளைவது சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில். ஒட்டிக்கொண்ட பெயர் 'டாங்கின்', அது வியட்நாமில் இருக்கிறது. வியாபாரிகள் வைக்கும் பெயர்கள் அப்படித்தான். 1931இல் அதை ஆராய்ந்து தாவரவியல் பெயர் வைத்த அமெரிக்கர் மெக்லூர், 'அழகியது' என்ற பொருளில் 'அமாபிலிஸ்' என்றார். நேராக வளரும், கணுக்களுக்கு இடையில் தூரம் அதிகம், கணு புடைக்காது, தோல்நார் அடர்த்தி. கல்கத்தா சரக்கிலோ நெருப்பால் சுட்ட தழும்புகள் இருக்கும். அந்தத் தழும்பு விழுந்த சிம்பு கம்புக்குள் போனால் அந்த இடத்தில்தான் முறியும். என்னைக் கேட்டால் மூங்கில் மீது பழி போட மாட்டேன். காட்டிலிருந்து கப்பல்வரை ஒருவரும் தரம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம்மூர் ஆள் கூடை முடையும் மூங்கிலுக்குக்கூட தேய்பிறையில் வெட்டணும், தண்ணீரில் ஊறப்போடணும், இல்லாவிட்டால் உளுத்துப்போகும் என்று நாலு விதி வைத்திருக்கிறார்.

சீன மூங்கில் வந்ததும் முறிவது நின்றதா? நிற்கவில்லை. இடம்தான் மாறியது. அக்காலத்துப் பசை தோலையும் எலும்பையும் காய்ச்சிய விலங்குப் பசை. ஈரம் பட்டால் இளகும். இங்கிலாந்தின் தூறலுக்கே சந்தேகம், தென்மேற்குப் பருவமழை நாட்டுக்கு என்ன கதி? சாரல் காலத்தில் குற்றாலத்தில் தீப்பெட்டி நமத்துப்போவதை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒட்டு விட்டால் ஆறு சிம்பும் தனித்தனியாக வளையும். சேர்ந்து நிற்கும் வலுவில் பெரும்பங்கு போய்விடும். அதற்காகவே பழைய கம்புகளில் அங்குலத்துக்கு ஒரு இடமாகப் பட்டு நூல் சுற்றி வார்னிஷ் அடித்தார்கள். பார்த்தால் அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் அது பேண்டேஜ்.

தமிழ்நாட்டில் ஃப்ளை ராட் அதிகம் புழங்கிய இடம் நீலகிரி. 1863இலேயே ஃபிரான்சிஸ் டே, டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார். வழியிலேயே மீன்கள் செத்தன. பிறகு 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் காலத்தில், அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போ டிரவுட்டை நிலைநிறுத்தினார்கள். சமவெளி ஆறுகளின் பெரிய மீன் மஹ்சீர். நம் பாபநாசம் கோவில் படித்துறையில் பக்தர்கள் பொரி போட்டுப் பழக்கிய மீன்களைக் கண்டவர்களுக்கு ஆற்று மீன் எந்த அளவுக்கு வளரும் என்று தெரியும். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை, அது வேறு மரியாதை. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரரான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகமே எழுதினார். 1887இல் குளத்து மீன்பிடிப்புக்கென்று தனியாக இன்னொன்று. மஹ்சீரின் முதல் ஓட்டத்தையும், முள்ளையே நசுக்கும் அதன் தாடை வலுவையும் பற்றி அவருக்குச் சொல்லி மாளவில்லை. 1946இல் மைசூர் வான் இன்ஜென் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. என் கட்சிக்கு அந்த மீன் ஒரு சாட்சி. கரைக்கு வந்து சேர்ந்தது என்றால் கம்பு முறியவில்லை என்று அர்த்தம்.

அடுத்த திருப்பமே ஒரு முறிந்த கம்பால்தான் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலம். ஆர்தர் ஹோவால்டு என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் நிபுணரின் மூங்கில் கம்பு, மீன்பிடிக்கப் போன இடத்தில் நுனி முறிந்தது. மாற்று நுனிக்கு நல்ல மூங்கில் கிடைக்கவில்லை. மனிதர் தம் தொழிற்சாலைப் பொருளான கண்ணாடி இழையையும் பிசினையும் வைத்து ஒரு நுனி செய்துகொண்டார். அது நன்றாக வேலை செய்யவே, 1940களின் பிற்பகுதியில் ஷேக்ஸ்பியர் கம்பெனி அந்த முறையில் ஃபைபர் கிளாஸ் கம்புகளை விற்கத் தொடங்கியது. கொரியப் போரை ஒட்டி 1950இல் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்தபோது மூங்கில் வரவும் நின்றது. கண்ணாடி இழை சந்தையைப் பிடித்துக்கொண்டது. அந்த இடைவெளியில் கல்மூங்கிலுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வலுவான கார்பன் இழை பிறந்தது. விமானத்துக்காகச் செய்ததை அந்நாட்டுத் தூண்டில்காரர்கள் சும்மா விடுவார்களா? அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கம்பு செய்து பார்த்துவிட்டார்கள். 1973இல் அமெரிக்காவில் ஃபென்விக் கம்பெனி கார்பன் கம்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று நம்மூர்ப் பையன்கள் ஆன்லைனில் வாங்கும் கம்புகளிலும் பல கார்பன் கலந்தவைதாம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. கண்ணாடி இழையின் விறைப்பு ஏறத்தாழ 72 கிகா பாஸ்கல். சாதாரணக் கார்பன் இழைக்கு 230. எடையும் குறைவு. கம்பு காற்றைப் போல லேசாக ஆயிற்று. ஆனால் இந்தக் கார்பன் இழை தன் நீளத்தில் 1.5 சதவீதம் நீண்டால் முறிந்துவிடும். கண்ணாடி இழை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். மூங்கிலோ முறிவதற்கு முன் 'கிறீச்' என்று முனகும், கூன் விழும், நாலு நாள் அவகாசம் தரும். கார்பனுக்கு அந்தப் பேச்சே கிடையாது. முழுசாக இருக்கும், அடுத்த நொடி மூன்று துண்டு.

1.5 சதவீதம் என்பதை வளைவாக மாற்றிப் பாருங்கள். வளைந்த கம்பின் வெளிப்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்றால், கம்பின் பாதிப் பருமனை வளைவின் ஆரத்தால் வகுத்த அளவு. 2 மில்லிமீட்டர் நுனியை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வளைக்கலாம். ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்தின் வளைவு. 10 மில்லிமீட்டர் அடிப்பாகத்துக்கு 33 சென்டிமீட்டராவது வேண்டும். ஆனால் அதே வளைவை உண்டாக்க அடிப்பாகத்துக்கு நுனியைப் போலப் பல மடங்கு விசை தேவை. அதாவது சுமை தாங்க வேண்டியது அடி. நுனி வெறும் செய்தி சொல்லும் உறுப்பு.

மீன் தூரத்தில் இருக்கும்போது கம்பைச் சரிவாகப் பிடித்தால் சுமை தானாகவே அடிக்கு இறங்கும். ஃப்ளை நரம்பின் கடைசித் துண்டு 2 அல்லது 3 கிலோவிலேயே அறுந்துவிடும். ஆகவே நரம்பு போகும், கம்பு நிற்கும். விபத்து நடப்பது மீன் காலடிக்கு வந்த பிறகு. ஒரு கையில் வலை, இன்னொரு கையில் கம்பு. மீனை இழுக்கக் கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்க்கிறார்கள். அப்போது அடிப்பாகம் வேலையிலிருந்து கழன்றுவிடுகிறது. முழு இழுப்பும் நுனிக் கடைசி ஒன்றரை அடியில். கிண்ணம் டம்ளராகிறது. பட்! கரையேற்றும்போது மீனைத் தொங்கவிட்டுத் தூக்கினாலும் இதேதான். தண்ணீருக்குள் 2 கிலோ மீனுக்கு எடை இல்லாத மாதிரி. வெளியே வந்தால் முழு 2 கிலோவும் நுனியில்.

ஆங்கிலப் பேச்சில் இதற்குப் பெயர், பெரிய மீன் கம்பை முறித்துவிட்டது என்பது. மீன் பாவம், வாயில்லா ஜீவன்.

அப்புறம் ஆற்றுக்கே போகாமல் முறியும் கம்புகள். கார்க் கதவு, வேன் பின்கதவு. நம் நாட்டில் இன்னொன்று விசேஷம்: சீலிங் ஃபேன். கூடத்தில் நின்று நண்பனுக்கு வீசிக் காட்டும் ஆசையில் எத்தனை நுனிகள் போயிருக்கும்! காட்டுப் பாதையில் நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தால் மரத்தில் குத்தும். அடியை முன்னால் விட்டு, நுனி பின்னால் வர நடக்க வேண்டும். கம்புத் துண்டுகளைச் செருகும் இணைப்பு வீசி வீசித் தளரும். தளர்ந்ததைப் பார்க்காமல் வீசினால் வாய் பிளக்கும். முள் வேரில் மாட்டினால் செய்ய வேண்டியதைச் சிற்றாற்றங்கரைப் பெரியவர் முன்பே சொல்லிவிட்டார்.

இவற்றில் மோசமானது ஓசையில்லாத அடி. ஈயம் கட்டிய முள் வீச்சில் தடுமாறிக் கம்பின் மேல் 'டிக்' என்று படும். பாறையில் கம்பு விழும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை நாலு வெட்டுப்பட்டிருக்கும். ஒரு மாதம் கழித்து, கால் கிலோக் கெண்டைக்கு அதே இடத்தில் முறியும். குற்றம் கெண்டை மேல்.

முறிந்த கம்பு கிடைத்தால் வீசிவிடாமல் முனையைப் பாருங்கள் என்று தற்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்வேன். உள்ளீடற்ற குழாயை வளைத்தால் முறிவதற்கு முன் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும்; அப்படி நசுங்க நசுங்க அதன் வலு குறையும். விமானக் குழாய்களை வைத்து 1927இல் பிரேசியர் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். நசுங்கி முறிந்த குழாயில் நீளவாக்கில் பிளவு ஓடும். அடிபட்ட இடத்தில் முறிந்தால் குறுக்கே சுத்தமான வெட்டு. மூங்கிலுக்கு இந்த நசுங்கல் தொல்லை குறைவு, ஏனென்றால் கணுவுக்குக் கணு உள்ளே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. பிரேசியர் பிறப்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட டிசைன்!

இன்று குற்றாலம், தென்காசி, செங்கோட்டைக் காடுகள் 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. அங்கே மூங்கில் வெட்டவும் முடியாது, மீன் பிடிக்கவும் முடியாது. அது நியாயமே. ஆனால் 2017இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டா நிலத்தில் கல்மூங்கில் போட்டு வெட்டலாம். சிம்பு மூங்கில் கம்புக்கு வெளிநாட்டில் இன்றும் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பதம் பார்த்து வெட்டி, நெருப்புத் தழும்பில்லாமல் உலர்த்தி, கணு பார்த்துத் தரம் பிரித்தால் என்ன வருகிறது என்று ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்து பார்க்கலாம். டெஸ்டிங் எந்திரம் எப்படியும் செமஸ்டர் தேர்வு தவிர மற்ற நாளில் தூங்குகிறது.

குளக்கரையில் கார்பன் கம்போடு நிற்கும் எந்தப் பையனைக் கண்டாலும் இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். காய்ந்த மூங்கிலும் கண்ணாடி இழையும் மின்சாரத்தை எளிதில் கடத்தா, கார்பன் கடத்தும். நம் குளக்கரைகள் பலவற்றின் மேல் மின்கம்பி போகிறது. 9 அடிக் கம்பை நிமிர்த்தினால், பையன் உயரமும் கரை உயரமும் சேர்ந்து நுனி எங்கே போகிறது என்று பாருங்கள். கம்பியைத் தொடக்கூட வேண்டாம். உயர் அழுத்தக் கம்பி என்றால் அருகே போனாலே பாயும். வெளிநாடுகளில் இப்படிப் பல உயிர்கள் போனபின்தான் கம்பின் மேலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள்; கம்பியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நில் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு. ஐப்பசி இடி மின்னலில் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். அப்போது கம்பு முறிந்தாலும் பரவாயில்லை.